பேப்பரில் இல்லாத தேன்

அன்பு மகள் புஷ்பலதாவுக்கு அம்மா எழுதுவது, நீயும் மாப்பிள்ளையும் தோஹாவில் நோய் நொடி இல்லாமல் இருக்க நம் சிவன் கோவிலில் வேண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நான் சுகம் என்று அடுத்த வரியில் எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அதைத் தள்ளி வைத்திருக்கிறேன். போனில் நீ கேட்டவுடன் வாய் தானாக நல்லாக்கீறேன் என்று சொல்லிவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

நான் சமைக்கிற சேலையூர் வீட்டு ஷ்யாம்சுந்தர் சார், அந்தக் காலத்தில் பாப் பாட்டு பாடி ஊரையே ஆட வைத்தவர், பதினாறு வருஷம் கழித்து ஆல்பம் போட்டிருக்கிறார். பெயர் பீச் ஸ்டேஷன். வாலிபத்தில் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போனது, ஜன்னலோரம் பார்த்த பெண்ணையே கட்டிக்கொண்டது, எல்லாம் பழைய நினைப்புதான். அது வந்த வாரமே அவருக்குக் கண் புரை ஆபரேஷன், பத்து நாள் எதையும் படிக்கக் கூடாதாம். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறார்கள் வாசி என்று என்னிடம் நீட்டினார். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். முதல் வரியே ஊசிப்போன குழம்பைச் சுட வைத்த மாதிரி இருக்கிறது என்று இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காதை நீட்டி உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்ல, கொரலு தேன் மாதிரி கீதுன்னு போட்டுக்கீறாங்க சார் என்றேன். அடுத்த பேப்பருக்கும் தேன், வாரப் பத்திரிகைக்கும் தேன், எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. ஏம்மா முத்தாலம்மா, இவனுங்க எல்லாரும் ஒரே கடையிலதான் தேன் வாங்குறானுங்களா என்று சிரித்தார், ஆனால் இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

முந்தாநாள் மாட்டிக்கொண்டேன். வாரப் பத்திரிகையில் எழுதிய கிட்டு என்பவருக்கு நன்றி சொல்லணும், நம்பர் போட்டுக் குடு என்று போனைக் கையில் கொடுத்துவிட்டார். போனை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். அவுரு அப்பிடி எழுதல சார், நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். திட்டவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி வாசி என்றார். அலுப்பு என்கிற வார்த்தையை மூன்று தடவை கூட்டினேன், மூன்று தடவையும் அவருக்கு அடி. கடைசி வரிக்கு வந்தபோது, மனைவி போனதைப் பாடும் கடைசிப் பாட்டில் குரல் உடைகிறது, அது ஒன்றுதான் உண்மை, அது ஒன்றே போதும் என்று இருந்தது. அதை நான்கு தடவை வாசிக்கச் சொன்னார். இதுக்காகத்தாம்மா இந்த ஆல்பமே போட்டேன், இதையும் சேர்த்து மறைச்சிட்டியே என்றார். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று நின்றேன், காபி போடு என்றார்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது உன் ஞாபகம்தான். உனக்கும் ஏழு மாதமாக நான் தேன்தான் ஊற்றுகிறேன். உன் அப்பா போனதிலிருந்து வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சார் வீட்டில் சாப்பிடுவதோடு சரி. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கே கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறேன். லீவு கிடைக்கலைம்மா, காரியத்துக்கு வர முடியலை என்று நீ சொன்னபோது பரவாயில்லை என்றேனே, அது பொய். தனியாக உட்கார்ந்திருந்தேன், உன்மேல் கோபமாகவும் இருந்தது. ஆனால் அன்று நீ போனில் பேச்சே வராமல் அழுதாயே, எத்தனையோ பேர் வந்து சொன்ன ஆறுதலில் அது ஒன்றுதான் எனக்குத் துணையாக நின்றது. அழாதேடி என்று உன்னை நிறுத்தியதும் நான்தான்.

பொங்கலுக்கு லீவு கேட்டுப் பார். இல்லையென்றால் இல்லை என்று சொல், அங்கே கஷ்டமென்றால் கஷ்டம் என்று சொல். நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே, அதைச் சொல்ல எனக்கே தெரியும்.

தலைக்குக் குளித்துவிட்டு ஏசியில் படுக்காதே. மாப்பிள்ளையும் நீயும் நூறு வருஷம் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சுகமில்லாமல், ஆனால் உயிரோடு இருக்கும் உன் அம்மா
முத்தாலம்மாள், மாடம்பாக்கம்