பயிற்சிப் பட்டியலில் என் பெயர்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு.

ஆவியில் பால்கோவா கிண்டும் எந்திரத்துக்குக் கடனும், என் கடையில் வேலை பார்க்கும் நாலு பெண்களுக்குப் பயிற்சியும் கேட்டு அரசாங்கத் தொழில் அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். இன்று அதிகாரியம்மா விசாரிக்க வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேருக்குக் கிண்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று சொன்னேன். பாதி இல்லாவிட்டாலும் கால்வாசி இருக்கும்.

அவர்கள் அடுப்படியில் நின்ற பேச்சியம்மாளிடம், "உங்களுக்கு என்னம்மா பயிற்சி வேணும்?" என்று கேட்டார்கள்.

"எங்களுக்கு எதுக்கு மேடம்? மொதலாளி கரண்டியத் தொட்டா அன்னைக்கு அம்புட்டும் அடிப்பிடிச்சிரும். அவியளுக்குச் சொல்லிக் குடுங்க."

மற்ற மூவரும் சிரித்தார்கள். அதிகாரியம்மா சிரிக்கவில்லை. பட்டியலில் இருந்த நாலு பெயரையும் அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள். ராஜபாளையத்தில் பத்து நாள் வகுப்பாம், முடித்தால்தான் கடனாம். கிண்டிக் காட்டிச் சொல்லித்தரப் பேச்சியம்மாளையே வரச்சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள், "திங்கக்கெழம வெள்ளன வந்துருங்க மொதலாளி. பிந்தி வந்தா வெளியதான் நிக்கணும்" என்றாள். என் ஆயுசில் இப்படி நடந்ததே இல்லை.

எந்திரம் இல்லாமல் இனிக் கடை ஓடாது. போகத்தான் வேண்டும். ஆனால் முதல் பெஞ்சில்தான் உட்காருவேன்.