டிராயிங் இல்லாத ரீவொர்க்

ஐப்பசி, செவ்வாய்

என் மகள் யாழினியின் ரத்தக் கோளாற்றை மரபணுவிலேயே திருத்தலாமாம். அதில் ஓர் எழுத்துதான் தப்பு என்றார் பெங்களூரு டாக்டர். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது.

"ரீவொர்க் மாதிரிங்களா டாக்டர்?" என்றேன். தப்பாக வந்த பாகத்தைத் திருத்துவதைக் கம்பெனியில் அப்படித்தான் சொல்வோம்; அந்தப் பேச்சு வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்துத் தலையாட்டினார்.

ஓசூர் திரும்பும் பஸ்ஸில் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்படியே கலரையும் கொஞ்சம் மாத்தச் சொல்லுண்ணா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அத்திப்பள்ளி தாண்டியும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை.

கம்பெனியில் பாகத்துக்கென்று போட்ட டிராயிங்கில் உள்ள அளவைப் பார்த்துத்தான் ரீவொர்க் செய்வோம். பிள்ளைக்கு டிராயிங் யார் போடுவது? தங்கச்சியா, நானா?

பக்கத்தில் யாழினி தூங்குகிறாள். என் கறுப்பு, அவள் அம்மாவின் மூக்கு. யாரும் டிராயிங் போடாமலே, ஓர் எழுத்தைத் தவிர, இவ்வளவு சரியாக வந்திருக்கிறாள்.