அப்பாவின் கேமராவும் ஒன்பது சனிக்கிழமைகளும்

8 ஜூன் 2025, ஞாயிறு

அப்பாவின் கேமரா வந்துவிட்டது. பெட்டிக்குக் குங்குமம் வைத்த பிறகுதான் அம்மா திறக்கவிட்டாள். பட்டன்களை எண்ணினேன்: இருபத்துமூன்று. திருகுகிற சக்கரம் நான்கு. விளக்கப் புத்தகம் இல்லை. மடித்த காகிதம் ஒன்றில், முழு விவரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளவும் என்று பதினாறு மொழிகளில் போட்டிருந்தது. அதில் தமிழ் இல்லை.

அப்பா மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் என்ஜினீயர். துணை மின்நிலையத்தையே கட்டி மேய்த்தவர். "ஒரு லீவருக்கு ஒரு வேலைதான் கண்ணு இருக்கோணும். இதுல ஒரு பட்டனுக்கு ஒம்பது வேலை" என்று குறை சொன்னார். முகமெல்லாம் பல். வந்த சூட்டில் என்னைப் பார்த்து ஒன்று அமுக்கினார். "அட, சத்தம் வருது!" என்றார். அத்தோடு மெனுவுக்குள் போனவர், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

இது எதற்கு வாங்கியது என்று எழுதிவைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன். என்னைப் படமெடுத்து, ஜாதகத்தோடு வைத்து, கல்யாணத் தரகரிடம் கொடுக்க. எனக்கு முப்பது வயது. முட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து நிறம், எடை, விரிசல் பார்த்து ஒதுக்குவேன். வீட்டுக்கு வந்தால் நான் முட்டை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்டுடியோக்காரன் எடுத்த படத்தில் எனக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தான். அதை நம்பிப் பதினோரு பேர் வேன் பிடித்து வந்தார்கள். பையனின் அம்மா என்னைப் பார்த்தாள், கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். "போட்டோவுல நல்ல கலரா இருந்துச்சுங்களே" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. அப்பா மிக்சர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். அவர்கள் மிக்சரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

ஆகவே இந்தத் தடவை அப்பாவே எடுப்பாராம், உள்ளது உள்ளபடி. அது தரகர் சென்னியப்பன் கைக்குப் போன மறுவாரம் மறுபடியும் வேன், மறுபடியும் பதினோரு பேர். கல்யாணமே வேண்டாம் என்றில்லை எனக்கு. இப்படி வேண்டாம். அம்மாவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சொன்னால் வீடு இரண்டாகும்.

11 ஜூன், புதன்

விளக்கப் புத்தகம் 742 பக்கம். அப்பா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங்கில் இரண்டு பாகமாகக் கொண்டுவந்திருக்கிறார். முதல் பாகம் அவர் மடியில். இரண்டாம் பாகத்தின் மேல் அம்மா புளி காயவைத்திருக்கிறாள்.

15 ஜூன், ஞாயிறு

இன்று படமெடுக்கும் வைபவம். அப்பா காலையில் கமலாலயக் குளத்தைச் சுற்றி நடக்கப் போயிருந்தபோது நான் சும்மா அந்த மெனுவைத் திறந்து பார்த்தேன். சத்தியமாகச் சும்மாதான். "எந்தக் கண்ணைத் தேட வேண்டும்?" என்று ஒரு பக்கம். மனிதன், விலங்கு, பறவை, கார், ரயில், விமானம். ரயிலுக்கு ஏது கண்? யார் இதையெல்லாம் கேட்டார்கள்? மனிதனில் இருந்ததைப் பறவைக்கு மாற்றிவிட்டு வந்து பல் தேய்த்தேன்.

மொட்டைமாடி. பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லிகை, எனக்குப் பின்னால் தண்ணீர் டேங்க். டேங்கின் மேல் ஒரு காக்கை. நாற்பத்தொரு படம் எடுத்தார். நாற்பத்தொன்றிலும் நான் கரைந்துபோன ஒரு பச்சைக் கறை. காக்கையின் கண் மட்டும் அவ்வளவு தெளிவு.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஏனுங்க, காக்காய்ங்க. சனி வந்து முன்னால நிக்குது பாருங்க" என்றாள். சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது: ஆஞ்சநேயருக்கு ஒன்பது சனிக்கிழமை துளசி மாலை, வீட்டிலிருந்து வெறுங்காலில் நடந்து போய். கேமராவுக்காக வேண்டுதல் வைத்த முதல் ஆள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்தேன்.

22 ஜூன், ஞாயிறு

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஓர் எண் உண்டாம். அதைக் கீழே இறக்கிவிட்டேன். எல்லாப் படத்திலும் நான் நீலமாக இருக்கிறேன். சாமி என்று தேரில் ஏற்றி ஊர்வலம் விடலாம். அப்பா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். பிறகு இரண்டாம் பாகத்தைப் புளியை ஒதுக்கி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

29 ஜூன், ஞாயிறு

யூட்யூபில் அப்பாவுக்கு ஒரு குரு வாய்த்திருக்கிறார். "இந்த ஒரு செட்டிங்க மாத்தலைன்னா கேமராவ வித்துருங்க நண்பர்களே" என்று ஆரம்பித்து, அந்த ஒரு செட்டிங்கைச் சொல்ல நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் வந்து, அதை ஏன் மாற்றக் கூடாது என்கிறார். அப்பா இரண்டுக்கும் நோட்டில் குறிப்பு எடுக்கிறார்.

வாட்ஸப்பில் ஒரு குழுவிலும் சேர்ந்திருக்கிறார். 184 பேர். நானும் எட்டிப் பார்த்தேன். அதில் பாதி, கேமராவை இன்னொரு கேமராவால் எடுத்த படங்கள். மீதி, "இந்த லென்ஸ் போதுமா சார்?" என்ற கேள்விகள். யாரும் எதையும் பார்த்து, அது அழகாக இருக்கிறதே என்று எடுத்ததாகத் தெரியவில்லை. நான்கு சக்கரம் திருகி முடிப்பதற்குள் சிரித்த குழந்தை தூங்கிவிடும்.

கேமரா மெனுவிலோ தோலை வழுவழுப்பாக்க ஒரு தனிப் பக்கம், மூன்று நிலை. பரமசிவனே எடுத்தாலும் என்னை என் நிறத்தில் எடுக்க அந்த மெஷினுக்கு மனசு வராது போல.

6 ஜூலை, ஞாயிறு

மெனுவின் மொழியைத் துருக்கிக்கு மாற்றினேன். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அவசரம், தரகர் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று என்று குதிக்கிறார். ஒரு வாரமாவது ஓடும் என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அப்பா மாற்றிவிட்டார், முணுமுணுக்கக்கூட இல்லை. அப்புறம் அம்மாவிடம் போய், "இன்னிக்கும் சரிப்படலே. ஏதோ லூஸ் காண்டாக்ட்" என்றார்.

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்தது. ஒரு மாதம் எவனும் போட்டோ கேட்கமாட்டான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்குக்கு மோகனூர் போனோம். காவிரியில் நல்ல தண்ணீர். அப்பா படித்துறையில் அம்மாவை எடுத்தார், முளைப்பாரி கொண்டுவந்த பெண்களை எடுத்தார், பரிசலை எடுத்தார். எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கின்றன. அங்கே மட்டும் கேமரா ஒழுங்காக வேலை செய்கிறது. ஆற்றுக் காற்று போலும்.

9 ஆகஸ்ட், சனி

அம்மாவுக்கு இது எட்டாவது சனி. இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். "இன்னும் ஒரு வாரந்தான் சாமி. எல்லாஞ் சரியாப் போயிரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. நேற்று ஒன்பதாவது மாலையும் போட்டாயிற்று. "புதன்கிழமைக்குள்ள போட்டோ போயாகோணும்" என்று அம்மா தரகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் கேமராவைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிவைத்தேன். இன்று அப்பா நடக்கப் போனதும் திறந்து பார்த்தால் வண்ணம். மேலே இருக்கிற சக்கரம் சி-ஒன்று என்ற எழுத்தில் நின்றது. இது என்ன கூத்து என்று இரண்டாம் பாகத்தைப் புரட்டினேன். 411ஆம் பக்கம். உங்களுக்குப் பிடித்த அமைப்புகளை இதில் சேமித்துவைத்தால், பிறகு எதை மாற்றினாலும் சக்கரத்தைத் திருகியதும் பழையபடி வந்துவிடும். ஓரத்தில் பென்சிலில் அப்பாவின் கையெழுத்து:

"22-6. சேமித்தாச்சு. இனி யார் கை வைத்தாலும் ஒரு திருகு போதும்."

யார் கை வைத்தாலும்.

ஜூன் இருபத்திரண்டு! அப்படியானால் இரண்டு மாதமாக? லூஸ் காண்டாக்ட்? துருக்கி?

படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஆற்றையும் காக்கையையும் தாண்டி, முதல் படம். ஜூன் எட்டு. பெட்டியைப் பிரித்த அன்று, ஒரு சக்கரத்தையும் திருகத் தெரியாமல், அதுபாட்டுக்கு எடுத்தது. நான் தெர்மாகோலைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிறேன். நைட்டிக்கு மேல் துண்டு. என் நிறம், என் நிறத்திலேயே. நான் இவ்வளவு நன்றாக இருப்பேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அழுதுவிட்டேன்.

அப்பா உள்ளே வந்தார். கேமராவையும் புத்தகத்தையும் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாங்கப்பா?"

"முப்பத்துநாலு வருசம் ஃபால்ட் தேடுனவன் கண்ணு நானு. தானா ஒண்ணும் மாறாது. கை வெச்சாத்தான் மாறும்."

"அப்புறம் ஏன் சொல்லலீங்க?"

"நீ ஏன் சொல்லல?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அன்னைக்கு மிக்சர் தட்டத் தூக்கிட்டு நின்னீங்களே, அப்பவும் இப்படித்தானே வாயைத் திறக்கலை, உங்களுக்கு ஒளிஞ்சிக்க எழுநூறு பக்கப் புத்தகம் வேணுமா என்று கத்தினேன். அப்பா தலையாட்டினார். "ஆமா. அன்னிக்கு வாயில மண்ணு. படம் போனா மறுபடி எவனாச்சும் வந்து அப்படிக் கேப்பான். அதுக்கு இது ரிப்பேராவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். உங்கம்மாகிட்ட நேரா சொல்றதுக்குப் பயம்."

ஆக, வீட்டில் இரண்டு கோழைகள், நடுவில் ஒரு கேமரா. அது சிக்கலாக இருந்ததில் எங்கள் இரண்டு பேருக்குமே சௌகரியம்.

சமையலறைப் பக்கம் திரும்பினால் அம்மா நிற்கிறாள், கையில் காபி டம்ளர். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"அப்போ இத்தன நாளா இந்த ஊட்ல நான் ஒருத்திதான் கிறுக்கி" என்றாள். டம்ளரை மேசை மேல் வைத்தாள். அந்தக் காலோடு நொண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

20 ஆகஸ்ட், புதன்

அம்மா பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். தரகர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

22 ஆகஸ்ட், வெள்ளி

பாதத்துக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்கே எனக்கு உயிர் வந்தது. தடவிக்கொண்டே, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வேன் வேண்டாம்மா. பதினோரு பேர் வேண்டாம். போட்டோவோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறவன் வேண்டாம். பத்தே பத்து வார்த்தை. இதற்குத்தான் இரண்டரை மாதம்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் அம்மா. "சண்டை புடிச்சிருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன். உங்க மாமனக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வெச்சிருப்பேன். ஆனா ஒம்பது வாரம் வெறுங்கால்ல நடந்திருக்க மாட்டேன். அந்தப் பொம்பள உன்னச் சொன்னப்ப எனக்கும் வயிறு எரிஞ்சுதான் போச்சு. எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அம்மாவை நக்கலடிக்காத பக்கம் ஒன்றிரண்டுதான் தேறும்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் தரகர் கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்கக்கா, அந்தக் கேமரா ரிப்பேரு பாத்தாச்சுங்களா? திருச்செங்கோட்டுக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்கறாங்க."

"கேமரா மொதல் நாள்ல இருந்தே நல்லாத்தானுங்க இருக்குது. படமும் நல்லா வந்திருக்குது. ஆனா அனுப்பறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கறோம்."

"அப்புறம் எப்படிங்கக்கா புள்ளைய..."

"பையன் போட்டோவ மொதல்ல அனுப்பச் சொல்லுங்க. பவுடர் பூசாம எடுத்தது. புள்ளைக்குப் புடிச்சா அவன் மட்டும் வந்து பேசட்டும். வேன் வேண்டாம். மிக்சரும் கெடையாது."

அவர் ஏதோ இழுத்தார். அம்மா போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "பேச்சு என்ன வேண்டிக்கெடக்குது, சீக்கிரம் ஆகட்டும்" என்று அதட்டினாள். நாங்கள் பேசவே இல்லை. அப்பாவும் நானும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தோம்.