மேலூர் ரோட்டில் ஒரு தலை கூடியது

பாலக்கரை, திருச்சி.

அன்பு மகள் ஆஷ்லிக்கு,

அப்பா எழுதுவது. சகாயமாதா கிருபையில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அவள் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உனக்கு ஜுரம் விட்டதா, டப்ளினில் குளிர் குறைந்ததா? போனில் பேசினால் அதற்குள் உனக்கு டியூட்டி வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுப் பக்கம் போட்டிருக்கிறார்கள். போன தடவை அங்கே நாற்பத்தொரு வீடுதானாம், இப்போது இருநூற்றுப் பதினேழு, நான் ஒரு தெருவை முடிப்பதற்குள் அடுத்த தெருவில் காங்கிரீட் போடுகிறார்கள். மணப்பாறை, மருங்காபுரி என்று எங்கிருந்தெல்லாமோ வந்து குடியேறியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யார் என்றால் "தெரியலைங்க சார், நாங்க வந்தே ஆறு மாசந்தான்" என்பார்கள். நான்தான் எந்த ஊர், என்ன வேலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவேன், வீடு திரும்ப நேரமாகி அம்மாவிடம் தினமும் திட்டு.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி வீட்டில் பெல் அடித்தேன். ஷாஜியா என்ற பெண், நிறைமாதம், கதவைத் திறந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவர் ஆசாத் ஷார்ஜாவில், துணைக்கு வந்த அம்மா ஷரபுன்னிசா மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போயிருந்தார். "வலி வந்துருச்சு சார், எனக்கு இங்க யாரையும் தெரியாது" என்று அழுதாள். பதற்றத்தில் 108 அழுத்தவே எனக்கு இரண்டு முறை தப்பியது. பிறகுதான் உறைத்தது, அவளுக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்கு அந்தத் தெருவே தெரியுமே. கீழ்வீட்டு வேணி நர்ஸ், இரவு டியூட்டி முடிந்து தூங்குகிறவளை எழுப்பினேன். எதிர்வரிசை முருகானந்தத்தை, அவள் அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்து, ஆட்டோவோடு ஷரபுன்னிசாவை அழைத்துவர அனுப்பினேன். வேணி கலைந்த தலையோடு வந்து பார்த்துவிட்டு, "இனி எங்கயும் கூட்டிட்டுப் போக நேரமில்லைங்க, சுத்தமான துணி வேணும், நீங்க வெளிய நில்லுங்க சார்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் நாலு வீட்டுப் பெண்கள் துணியோடு ஓடிவந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே குழந்தை வீறிட்டது. பெண் குழந்தை! சொன்னால் சிரிப்பாய், நானும் அழுதேன். ஆம்புலன்ஸும் ஆட்டோவும் ஒன்றாக வந்து நின்றன, ஷரபுன்னிசா படியேறுவதற்குள் ஆளுக்கு ஆள் "பொண்ணுங்கம்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

உன் எதிர் ஃப்ளாட்டில் யார் என்று கேட்டதற்குப் போன மாதம் தெரியாது என்றாயே, அம்மா அனுப்பும் முறுக்கில் நாலை எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைக் கேட்டு வை. காலுறை போடாமல் திரியாதே.

நேற்று ஷாஜியா வீட்டுக் கணக்கை முடிக்கப் போனேன், ஹாலில் எனக்கு உட்கார இடமில்லை, தெருவே அங்கேதான். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஷாஜியா குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இவளை விட்டுறாதீங்க சார்" என்றாள். முதலில் அவளைத்தான் எண்ணினேன்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு பூசைக்குப் போய்வந்ததும் அம்மாவுக்கு மறக்காமல் போன் செய்.

உன் அன்பு அப்பா,
அற்புதசாமி