ஞானப்பூ டீச்சர் எழுதின கருத்து

சீத்தனேந்தல்
30.6.1993

அன்புள்ள போலீஸ் அக்காவுக்கு,

உன் தம்பி ஸ்டீபன் விறைப்பா நின்னு சல்யூட் அடிச்சு எழுதிக்கொண்டது. அம்மா சுகம். அப்பா கரிமூட்டத்துலயே விறகு எரிச்சுக்கிட்டுக் கிடக்காக, ஆளும் கரியும் ஒரே நிறம், அவுகளும் சுகம். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணுக்கு இன்ஸ்பெக்டர்னு பேர் வச்சிருக்கேன். எதுக்கெடுத்தாலும் முட்ட வருது.

வெள்ளிக்கிழமை நீ எங்க பள்ளிக்கூடத்துல போதை ஒழிப்பு வகுப்பு எடுத்ததுல எல்லாருக்கும் சந்தோஷம். போதை ஒழிஞ்சதோ என்னவோ, அன்னைக்குக் கணக்கு வகுப்பு ஒழிஞ்சது. ஆனா ஒண்ணு. பத்தாம் வகுப்பு வரிசையில உன் கூடப் பிறந்தவன் ஒருத்தன் உக்காந்திருந்தான். அவனை நீ ஒரு தடவைகூடப் பார்க்கலை. அந்தக் கோபத்துலதான் எந்திரிச்சேன். கஞ்சாப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "இதை வச்சிருந்தாலே பத்து வருஷம் உள்ளே"ன்னு நீ சொன்னப்ப, "மேடம், நீங்க கையில வச்சிருக்கீகளே, உங்களுக்கு எத்தனை வருஷம்?"னு கேட்டது தப்புதான். பள்ளிக்கூடமே சிரிச்சது. கூட வந்த எஸ்.ஐ. ஐயாவும் மீசைக்குள்ள சிரிச்சாக. உன் முகம் மட்டும் செத்துப் போச்சு. மன்னிச்சுக்கோ.

இப்ப சங்கதிக்கு வாரேன். வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு வாத்தியார்க எல்லாரும் ஆளுக்கொரு தாள்ல கருத்து எழுதித் தரணும்னு உங்க டி.எஸ்.பி. ஆபீஸ்ல கேட்டிருக்காகளாம். அதையெல்லாம் ஒரே கையெழுத்துல நகல் எடுத்து அனுப்பணும். அந்த வேலை எனக்கு வந்திருக்கு. "ஏலே, உங்கிட்ட ஒழுங்கா இருக்கிறது கையெழுத்து ஒண்ணுதான்"னு ஹெட்மாஸ்டர் சுப்புராஜ் சார் சொன்னாக. எதை எழுதினாலும் அடியில நான் ரெண்டு கோடு போடுவேன்ல, அதைப் பார்த்துட்டு, "நம்ம ஊருக்கு வராத ரயிலுக்கு இவன் தண்டவாளம் போடுறான்"னும் சொன்னாக.

யார்ட்டயும் சொல்லாதே, கருத்தெல்லாம் படிச்சுட்டேன்.

டிரில் சார்: "போலீஸ் வாரம் ஒருமுறை வந்தால் நல்லது. திங்கட்கிழமை காலை வரிசை நேராக இருந்தது."

சயின்ஸ் சார்: "எதைத் தொடக் கூடாது என்று சொல்ல வந்தவர்கள் அதை எப்படிச் சுருட்டுவது என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் நோட்டுத் தாளில் வேப்பிலையைச் சுருட்டிப் பார்க்கிறார்கள்."

தமிழ் ஐயா ஒண்ணுமே எழுதலை. தாள்ல மூக்குப்பொடி மட்டும் சிந்தியிருந்துச்சு. அதுவும் ஒரு கருத்துதானே?

ஞானப்பூ டீச்சர்தான் பக்கம் முழுக்க எழுதியிருக்காக. "வந்த பெண் நல்லவர். குற்றம் ஏற்பாட்டில் இருக்கிறது. மேசைமேல் லத்தி இருக்கும்வரை, கேட்க வேண்டிய பிள்ளை வாயைத் திறக்காது. என் வகுப்பில் ஒருவன் மூன்று வாரமாகக் கண் சிவந்து வருகிறான். அவனிடம் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்"னு போகுது.

கண்ணு சிவந்தா என்னக்கா, எங்க ஊர்ல பாதிப் பேருக்கு கரிப் புகையில கண்ணு செவப்புதான்.

கருத்து சரியில்லைன்னா வகுப்பை நிப்பாட்டிருவாக, உன்னைத் திரும்பவும் பந்தோபஸ்துக்கு வெயில்ல நிறுத்திருவாகன்னு அம்மா சொல்லுது. நீ ஒரு வார்த்தை சொல்லு. நகலைக் கொஞ்சம் இனிப்பாக்கிப்புடுறேன். வெல்லம் நம்ம கையில இருக்கு.

இப்படிக்கு,
தண்டவாளம் ஸ்டீபன்

*

காவலர் குடியிருப்பு
அருப்புக்கோட்டை
3.7.1993

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் நேற்று வந்தது. படித்ததும் சோறு இறங்கவில்லை.

ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. எழுதினதை எழுதினபடி எழுது. அவுக பெரியவுக, படிச்சவுக. அவுக கருத்தில் கை வைக்க நீ யாருலே?

வகுப்பை நிறுத்தினால் எனக்கு ரோட்டு டூட்டிதான், அம்மா சொன்னது நிஜம். போன சித்திரையில் தேர் பந்தோபஸ்தில் மயங்கி விழுந்தேன், அதை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அதுக்காகப் பொய்க் கருத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னைப் பார்க்கவில்லை என்று கோபப்பட்டிருக்கிறாய். பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயந்தேன். எஸ்.ஐ. ஐயா பக்கத்தில் நின்றார். அச்சடித்துக் கொடுத்த நாலு பக்கத்தைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியாது. உன் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அம்மாவை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

அக்கா
ஜெப ஷீலா

*

சீத்தனேந்தல்
7.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேத்துதான் கையில கிடைச்சது. நகல் போன வெள்ளிக்கிழமையே கையை விட்டுப் போயிருச்சு.

கண்ணாடியைக் காணோம்னு தேடிக்கிட்டே ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட்டாக. கண்ணாடி அவுக தலையில இருந்துச்சு. நான் சொல்லலை. எம்.எஸ்.வி. பஸ்ஸு கண்டக்டர்ட்ட குடுத்தாச்சு.

எல்லாத்தையும் மாத்தலைக்கா. சத்தியமா. டிரில் சார் எழுதினது அப்படியே போயிருக்கு. சயின்ஸ் சார் எழுதினதும் வேப்பிலையோட அப்படியே. ஞானப்பூ டீச்சர் கருத்தை மட்டும்தான் மாத்தினேன். "வகுப்பு மிகமிகச் சிறப்பு. லத்தியைப் பார்த்ததும் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் இதே பெண் காவலரையே எப்போதும் அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்"னு எழுதி, அடியில ரெண்டு கோடும் போட்டேன்.

எழுதும்போது சிரிப்பா வந்துச்சு. இப்ப சிரிப்பு வரலை. யாரும் படிக்க மாட்டாகதானே? அங்கே கட்டுக்கட்டாத் தாள் வரும்ல?

உடனே பதில் போடு. கோபமா இருந்தாலும் போடு.

ஸ்டீபன்

*

அருப்புக்கோட்டை
11.7.1993

ஸ்டீபனுக்கு,

படித்துவிட்டார்கள். முப்பது பள்ளிக்கூடத்துத் தாளில் டி.எஸ்.பி. ஐயா சிவப்பு மையில் சுழித்தது அந்த ஒன்றைத்தான். வருகிற 24-ஆம் தேதி சனிக்கிழமை இங்கே ஆசிரியர் கூட்டம். அதில் ஞானப்பூ டீச்சர் மேடையேறிப் பேச வேண்டும் என்று அழைப்பு போகிறது. "உன்னைப் பற்றித்தாம்மா எழுதியிருக்காக" என்று ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது.

டீச்சரிடம் போய் நீயே சொல். டி.சி. கொடுத்தால் வாங்கிக்கொள். சொல்லிவிட்டு எழுது. அதுவரை எனக்கு எழுதாதே.

ஜெப ஷீலா

*

சீத்தனேந்தல்
17.7.1993

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிட்டேன்.

மூணு நாள் ஸ்டாஃப் ரூம் வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். நாலாம் நாள் டீச்சரே, "என்னலே, எங்க வாசலுக்கு வாட்ச்மேனா?"ன்னு கேட்டாக. தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. பக்கத்துல உங்க ஆபீஸ் அழைப்பு.

"டீச்சர், ஒரு கருத்து சொல்லணும்."

"யாரோட கருத்து?"

"உங்களோடதுதான் டீச்சர்."

எல்லாத்தையும் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிட்டாக. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "நான் எழுதின தாள் எங்கே?"ன்னாக. அதை நான் கிழிக்கலைக்கா. பைபிளுக்குள்ள வச்சிருந்தேன். எடுத்துக் குடுத்தேன். நான் மாத்தினதை இன்னொரு தாள்ல எழுதச் சொல்லி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாக. "எல்லாத்தையும் மாத்தியிருக்கே. கண் சிவந்த பையனைப் பத்தி எழுதினதை மட்டும் மாத்தலை, தடமே இல்லாம எடுத்துட்டே. ஏன்?"னு கேட்டாக.

எனக்கு அப்பப் பார்த்து இருமல் வந்துருச்சு.

"சரி போ. ஹெட்மாஸ்டர்ட்ட கூட்டம் முடிஞ்சு சொல்லிக்கிறேன்"னாக. இன்னைக்கு வரைக்கும் டி.சி. வரலை. வீட்டுல யாருக்கும் தெரியாது. கூட்டாளி சங்கையாட்ட மட்டும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், சிரிச்சுக்கிட்டே இருக்கான், நிறுத்தவே மாட்டேங்கிறான்.

டீச்சர் மேடையில எழுதினதையே படிச்சாகன்னா உன் வேலை என்னாகும்? அதையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், என்னைப் பார்த்து ஆட்டுக்குட்டிகூட முட்டாம நிக்குது.

ஸ்டீபன்

*

அருப்புக்கோட்டை
25.7.1993

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். முதலில் சொல்லிவிடுகிறேன்: நான் ரோட்டுக்குப் போகவில்லை. உனக்கு டி.சி.யும் இல்லை. இனி நிதானமாகப் படி.

டீச்சர் கதர்ச் சேலையில் வந்தாக. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாக, அவ்வளவுதான். மேடையில் ஏறினதும், "இங்கே வந்தது என் கருத்து இல்லைங்க. நகல் எடுக்கையில மாறிருச்சு. தப்பு எங்க பள்ளிக்கூடத்து மேலதான். நான் எழுதினதை இப்ப படிக்கிறேன்" என்றாக. உன் பேரைச் சொல்லவில்லை. லத்தியைப் பற்றிப் படித்தபோது கூட்டத்தில் எல்லாரும் ஐயா பக்கம் திரும்பினார்கள். லத்தி ஐயாவுடைய மேசைமேல்தான் இருந்தது.

அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "போலீஸ் பயம் வேணும், எங்க பேச்சை எவன் கேக்கான்?" என்று ஒரு சார். "நாப்பது நிமிஷம் வந்துட்டுப் போறீக, மிச்ச வருஷத்துக்கு நாங்கதானே?" என்று இன்னொருத்தர். பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். ஐயா என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?" என்றார். எழுந்து நின்றேன். "டீச்சர் சொல்றது சரிங்கய்யா. பதினோரு பள்ளிக்கூடம் போயிட்டேன். ஒரே ஒரு பையன்தான் கேள்வி கேட்டான். அவனும் கேலிக்குக் கேட்டான்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஐயா லத்தியை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

ஆறு பள்ளிக்கூடத்தில் புதுமாதிரி செய்து பார்க்கப் போகிறோம். முதலில் வாத்தியார்களுக்கு ரெண்டு நாள் ஒரு டாக்டர் வந்து சொல்லிக்கொடுப்பார். அப்புறம் நான் சேலையில் வருவேன். பொட்டலம் கிடையாது. பேர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பிஸ்கட் டின் வைப்போம். டீச்சரும் நானும் சேர்ந்து பதில் சொல்வோம்.

போகும்போது டீச்சர் சொன்ன உன் தண்டனை: அவுக கருத்தை முப்பது பள்ளிக்கூடத்துக்கும் நகல் எடுக்க வேண்டுமாம். ஒரு எழுத்து மாறாமல்.

அக்கா
ஜெப ஷீலா

*

அருப்புக்கோட்டை
14.8.1993

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. முந்தாநாள் உங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்த புது வகுப்பிலும் நீ வாயே திறக்கவில்லை. இந்தத் தடவை உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிஸ்கட் டின்னில் நாற்பத்து மூன்று தாள் இருந்தது. அதில் ஒன்று: "கூட்டாளி ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை கரி லாரிக்கு லோடு ஏற்றப் போறான். கிளீனர் பீடியில் கஞ்சா வைத்துக் கொடுக்கிறான். இப்போ தினமும் அது வேணும்கிறான். யாரிடமாவது சொன்னால் அவனை ஜெயிலில் போடுவார்களா?"

எழுத்து கோணல்மாணல். இடது கையால் எழுதினது. ஆனால் அடியில் ரெண்டு கோடு போட்டிருந்தது.

இந்த ஒன்றை மட்டும் வகுப்பில் படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். டீச்சருக்கும் காட்டவில்லை. பதில் இதுதான்: போட மாட்டார்கள். அவன் சின்னப் பையன், அவனுக்கு வேண்டியது வைத்தியம். கொடுத்தவனைத்தான் நாங்கள் கேட்போம். நீ பேர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 22-ஆம் தேதி ஞாயிறு லீவு கிடைத்திருக்கிறது. உன் அக்காவாக மட்டும் வருகிறேன். கூட்டாளிக்கு இஷ்டம் இருந்தால் நம் வீட்டில் சாப்பிட வரச் சொல்.

அக்கா
ஷீலா

*

சீத்தனேந்தல்
2.9.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பஸ்ஸு ஏறிப் போனதுலேருந்து எழுதணும் எழுதணும்னு இருந்தேன். முப்பது நகல் எழுதின கை, பேனாவைக் கண்டாலே விரல் மடங்குது.

ஒரு விஷயம் உங்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரலை. டீச்சர் கருத்தை உனக்காகத்தான் மாத்தின மாதிரி எழுதினேன்ல, அது பாதிதான் நிஜம். மிச்சப் பாதி அந்தக் கண்ணு சிவந்த வரி. அதை டி.எஸ்.பி. ஆபீஸ்ல படிச்சா ஜீப் நேரா சங்கையா வீட்டுக்கு வரும்னு நினைச்சேன். போலீஸ்காரி தம்பியா இருந்துக்கிட்டு கூட்டாளியைக் காட்டிக் குடுத்தேன்னு ஊரே பேசும். உங்கிட்ட சொன்னாலும் போலீஸ்ட்ட சொன்ன மாதிரிதானேன்னு ரெண்டு மாசமா உள்ளேயே வச்சிருந்தேன். டீச்சர் எழுதின "கேட்க வேண்டிய பிள்ளை வாயைத் திறக்காது" இருக்கே, முப்பது தடவை எழுதும்போதுதான் அந்தப் பிள்ளை நான்தான்னு உறைச்சது.

நீ வந்து அவனுக்குக் குழம்பு ஊத்தினே, ஒண்ணுமே கேக்கலை. ரெண்டாம் தடவை சோறு போட்டப்ப அவனாவே அழுது எல்லாத்தையும் சொல்லிட்டான். அதுக்கப்புறம் நானும் தூங்குறேன் அக்கா, அம்மா தண்ணி தெளிச்சு எழுப்புற அளவுக்குத் தூங்குறேன்.

வாத்தியார்களுக்கு வகுப்பெடுத்த டாக்டர் சொன்ன மாதிரி ஞானப்பூ டீச்சர் தினமும் அவனைப் பக்கத்துல உக்கார வச்சுத் தயிர்ச் சோத்துல பாதி குடுக்காக. எனக்கு ஊறுகாய் மட்டும்தான் கிடைக்குது. லோடு ஏத்தப் போறதை விட்டுட்டான். அப்பா மூட்டத்துக்கு அந்த லாரியும் இப்ப வாரதில்லை. அது உன் வேலைன்னு தெரியும், கேக்க மாட்டேன். ஒரு நாள் மட்டும் கை நடுங்கி, எரிஞ்சு எரிஞ்சு விழுந்தான். அன்னைக்கு நம்ம ஆட்டுக்குட்டி இன்ஸ்பெக்டரை அவிழ்த்து விட்டேன். அது அவனை முட்டி முட்டி ஊரைச் சுத்தி ஓட விட்டுச்சு. ஓடி முடிச்சு சிரிச்சான். இது பழைய சிரிப்பு, சரியான இடத்துல நின்னுருச்சு.

கீழே ரெண்டு வரி அவனே எழுதுவேன்னு பேனாவைப் பிடுங்குறான். எழுத்துப் பிழை நிறைய வரும். ஒண்ணையும் திருத்தாம அப்படியே அனுப்புறேன்.

ஸ்டீபன்

அக்கா நான் சங்கயா எளுதுரேன். இன்னயோட பதினோறு நாள் ஆச்சு. மருபடி எப்ப வருவீங்க. கொளம்பு நல்லா இருந்துச்சு.