முதல் பெட்டியின் பொட்டு

என் முருகேசன் அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்திலாவது இந்த வெயில் இல்லாமல் இருக்கட்டும்.

பேரப்பிள்ளைகள் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சரவணன் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவள் தாமரை பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். நம் கயல் இன்ஜினியராகி, நீங்கள் பேக்கிங் மேஸ்திரியாக இருந்த அதே முந்திரிக் கம்பெனிக்கே மெஷின் மாட்ட வந்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இதையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் நானே எழுதுகிறேன்.

இவ்வளவும் சொன்னது, திட்டுவதற்கு முன்னால் உங்களைக் குளிர வைக்கத்தான்.

அவள் மாட்டுவது பார்கோடு ரீடர். ஒவ்வொரு பெட்டியிலும் கறுப்புக் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். பெல்ட்டில் பெட்டி போகும்போது ரீடரின் சிவப்பு வெளிச்சம் சீட்டில் விழும். எந்தப் பருப்பு, எப்போது கட்டியது என்பதெல்லாம் தானாகக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். கோட்டைப் படிக்க முடியாவிட்டால் பெல்ட் நின்றுவிடும். தினமும் காலையில் முதல் பெட்டிக்கே நிற்கிறது! மற்றதெல்லாம் ஒழுங்காகப் போகிறது. பிள்ளை ரீடரை ஏற்றி வைத்தாள், இறக்கி வைத்தாள், சாய்த்து வைத்தாள், சீட்டைப் புதிதாக அச்சடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா கழட்டிக்கிட்டுப் போயிரும்மா" என்றுவிட்டார் மானேஜர். அவளை நம்பித் தனியாக ஒப்படைத்த முதல் வேலை இது.

நின்ற பெட்டியை ஆட்கள் உடனே இறக்கிக் கொண்டுபோய்விடுவதால் ரீடரையே பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் பெட்டி கட்டும் இடத்திலேயே போய் நின்று பார்த்திருக்கிறாள். உங்களோடு வேலை பார்த்த ராக்கம்மா, முதல் பெட்டியின் முன்பக்கம், அந்தச் சீட்டின் மேலேயே, சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாளாம்.

"என்ன அத்தை இது?"

"ஒங்க ஐயா இங்க மேஸ்திரியா இருந்தப்ப ஆரம்பிச்சு வச்சதுடி. இருந்தவரைக்கும் அவரு கையாலதான் வைப்பாரு. இப்ப அவர நெனச்சு நாங்க வைக்கிறோம்."

"பின்னாடிப் பக்கமா வைங்களேன்."

"நெத்தியில வைக்காம முதுகுலயா பொட்டு வைப்பாங்க? இன்ஜினியருக்குப் படிச்சவ பேச்சப் பாரு!"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சீட்டையும் இடம் மாற்ற முடியாதாம். சரக்கு வாங்குகிறவர்கள் கேட்ட இடம் அது.

"மானேஜர்ட்ட சொல்லிர வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா அவங்களத்தான் வைவாரு அப்பத்தா. ஐயாவ நெனச்சு வைக்கிறவங்கள நான் எப்படிக் காட்டிக்குடுப்பேன்?" என்று கண்ணைக் கசக்குகிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! போனவர் இந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுபோயிருக்கக் கூடாதா? வீட்டு விளக்குக்கு ஒரு நாளாவது பொட்டு வைத்திருப்பீர்களா? கம்பெனிப் பெட்டிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பக்தி?

நான் ஒரு வார்த்தை சொன்னால் ராக்கம்மா நிறுத்திவிடுவாள். ஆனால் வாய் வரவில்லை. நீங்கள் இல்லாத இந்த மூன்று வருடத்தில், சொந்தக்காரர்களே மறந்துபோன உங்களை அந்தப் பெண்கள்தான் தினமும் நினைக்கிறார்கள். நீங்கள் போனதும் என் நெற்றிப் பொட்டை அழித்தார்களே, என்னை யாராவது கேட்டார்களா? இப்போது உங்கள் பொட்டை அழிக்க நானே சொல்வதா?

மாட்டேன். நாளைக் காலை அன்னவாசல் பஸ்ஸைப் பிடித்து நானே கம்பெனிக்குப் போகிறேன். அந்த ரீடரில் வெளிச்சம் வரும் கண்ணாடிக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தகரம் இருக்கிறதாம். இனிமேல் அதுதான் நெற்றி. பெல்ட் ஓடும் முன்னே தினமும் அங்கே வைக்கட்டும், கண்ணாடியில் படாமல். நெற்றியில்தானே வைக்க வேண்டும் என்றாள் ராக்கம்மா? மானேஜர் ஏதாவது சொன்னால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முதல் பொட்டை நான்தான் வைப்பேன். "தாலி இல்லாதவ கையாலயா?" என்று எவளாவது முணுமுணுத்தால், "அவரு வச்ச பொட்ட அவரு பொண்டாட்டி வைக்காம வேற எவடி வைப்பா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு வைப்பேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள்,
முருகேசன் அம்மா