உன் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி

இன்று காலை ஆய்வகத்தின் உள் அறைக் கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம் முகத்தில் அடித்தது. இரத்தக் குழாய்களைத் திறக்கிற அறையில் ஊதுபத்தி. அதுவும் உன் படத்துக்கு. நீ போய் ஒரு வருஷம் ஆகிறதாம், மேனேஜர் ஏற்பாடு. கண்ணாடிமேல் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஆணி அடித்ததில் கொட்டிய சுவர்த்தூளை யாரும் துடைக்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

அங்கே நாம் தேடுவது இரத்தத்தில் இருக்கிற ஈயம், துளியிலும் துளி. குங்குமத்திலும் சுவர்த்தூளிலும்கூட அது ஒட்டிக்கொண்டு வரும். பவுடர், வளையல், பொட்டு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. ஆயுத பூஜைக்குக் குங்குமக் கிண்ணத்தோடு வந்த எலெக்ட்ரீஷியனை வாசலிலேயே மறித்தாய். "பொட்டெல்லாம் வெளிய கம்ப்யூட்டருக்கு வைங்கண்ணா. இது மடி மிஷின்." அவரே சிரித்துவிட்டார்.

பெங்களூர் நீலசந்திரா பகுதிப் பிள்ளைகளின் இரத்தம் வந்த நாளில் நீ போட்ட சண்டை இன்னும் காதில் இருக்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கும் ஈயம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. ரிப்போர்ட் டைப் ஆகிக்கொண்டிருந்தபோது நீ மட்டும் பிளாங்க்கைப் பார்த்தாய். அதே குழாயில் இரத்தம் இல்லாமல் அமிலத்தை மட்டும் ஊற்றி, மற்றவற்றோடு ஓட்டுகிற வெற்றுக் குழாய் அது. ஒன்றுமே காட்டக்கூடாத அதிலும் ஈயம்.

"அதைக் கழிச்சிட்டு அனுப்பும்மா, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் மேனேஜர்.

"தூசி என்ன சார், ரேஷன் அரிசியா? எல்லா குழாய்லயும் ஒரே அளவா விழுமா?" என்றாய்.

புதிதாக வந்த குழாய்களிலேயே ஈயம் ஒட்டியிருந்தது. ரிப்போர்ட்டை நிறுத்தி, வேறு குழாயில் மறுபடி இரத்தம் எடுக்க வைத்தாய். "புள்ளைங்க கைய எத்தன தபா குத்துவீங்க?" என்று ஒரு அம்மா உன்னை ஏசினாள். இரண்டாம் முறை எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் அப்பா வீட்டுக்குள்ளேயே பழைய பேட்டரி உடைக்கிறவர். முதல் ரிப்போர்ட் போயிருந்தால் அந்தச் சிறுமி கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போயிருப்பாள். வைத்தியம் பார்த்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

உன் இரங்கல் கூட்டத்தில் அதே மேனேஜர், "குவாலிட்டின்னா அவங்கதான்" என்று மைக்கில் சொன்னார். நரம்பில்லாத நாக்கு.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஊரார் இரத்தத்துக்கெல்லாம் சண்டை போட்டவள், காய்ச்சல் வந்தபோது உன் இரத்தத்தைக் கொடுக்க மட்டும் நேரமில்லை என்றாய். "சும்மா அசதிடி, தூங்கினா சரியாயிடும்." டெங்கு என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறியிருந்தது. இதை எப்படி மன்னிப்பது?

பூஜைக்குப் பிறகு ஓட்டிய பிளாங்க் இன்று எகிறிவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான். மேனேஜர் வந்து பார்த்தார், அதே பழைய பாட்டு. "கழிச்சிட்டு அனுப்பும்மா."

"மொதல்ல இந்தப் படத்த எடுக்கணும் சார்."

"ஏம்மா, உன் ஃப்ரெண்டோட படம். மனசு வருமா?"

"வரும் சார்."

நானே கழற்றினேன். மாலை, தட்டு, ஆணி எல்லாவற்றையும் வெளியே எறிந்து, சுவரிலிருந்து தரைவரை துடைத்தேன். மூடி வைத்திருந்த மிச்ச இரத்தத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் பிளாங்க் இறங்கிவிட்டது. நீ இல்லாத அறை சுத்தமாக இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். படம் என் மடியில் இருக்கிறது. உன் நெற்றிக் குங்குமம் என் விரலெல்லாம் ஒட்டியிருக்கிறது. நாளைக்கு உள்ளே போவதற்கு முன் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.